ஆற்றங்கரையும் மோட்டார் சைக்கிளும்

சனி, ஞாயிறு ஆகிய விடுமுறை நாட்களில் மோட்டார் சைக்கிள் ஏறி ஊரெல்லை கடந்து, தார்ச்சாலையையும் நீங்கி, மண்வழியே காடும் மலையும் கண்டு மீளும் வழக்கம் இக்காலத்து இளைஞரிடையே பெரிதும் பரவியிருக்கின்றது. நம் மாணவ நண்பர்களை நோக்கி, 'இவ்வாறு செல்வதாயின் எங்குச் செல்ல விரும்புவீர்?' என்று வினவின், அவருட் பலர் சிறிதும் தாழாது 'லடாக்' என்றே விடை கூறுவர். அங்குள்ள கார்துங் கணவாய் கடல் மட்டத்திற்கு மேல் 5,359 மீட்டர் உயரமுடையது. அஃதாவது 17,582 அடி. (அக்கணவாயில் நட்டிருந்த பலகை நெடுங்காலம் அதனை 18,380 அடி என்று கூறிக்கொண்டிருந்தது. மலையேறியவர்க்குப் பெருமிதம் சிறிது மிகுதல் இயல்புதானே!) 'தஞ்சையைச் சுற்றி என்ன இருக்கிறது? வயல், வாய்க்கால், மறுபடியும் வயல்' என்பது அந்நண்பர்களின் முறையீடு.

இம்முறையீட்டில் ஒரு பாதி மெய்யே. நம் நாட்டில் மலையில்லை. கல்லணை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து காவிரி கடலைச் சேரும் பூம்புகார் வரையில் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. எனவே, நிலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றேறக்குறைய அரை மீட்டரே தாழ்கின்றது. கண்ணுக்குப் புலப்படாத இச்சரிவைக் கொண்டே பத்து இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் நீர் பாய்கின்றதென்றால், அது யாங்ஙனம் பாய்கின்றது என்று காண்பதினும் சுவையுள்ள காட்சி வேறுண்டோ? அதனைக் காண்டற்கு ஏற்ற இடம் ஆற்றின் கரை. ஏற்ற ஊர்தி, நடையினும் விரைவும் காரினும் ஒடுக்கமும் உடைய மோட்டார் சைக்கிள். யான் இக்கல்லூரியில் பயின்ற காலந்தொட்டு விடுமுறைதோறும் இக்கரைகளிற் சுற்றியவனாதலின், கண்டவற்றையும், கண்டறியாது செய்த பிழையொன்றையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன். ஒன்று மட்டும் முன்னரே கூறிவிடுதல் நலம். லடாக்கின் பாறைவெளியில் வண்டி செல்லும் தடத்திற்கு வேறு வேலையில்லாதிருத்தல் கூடும். நம் நாட்டிலோ ஒவ்வொரு தடமும் ஏதேனுமொரு வேலையைச் செய்துகொண்டிருப்பது. நாம் அதன்மேல் இரவலாகச் செல்பவரே.

மலைநாட்டில் ஆறு பள்ளத்தில் ஓடும். ஊரும் வயலும் மேட்டில் இருக்கும். ஆற்றின் கழிமுக நாட்டில் இது தலைகீழாகும். புரட்டாசித் திங்களில் நீர் நிறைந்தோடும்போது வெண்ணாற்றங்கரையில் நின்று பாருங்கள். ஒரு புறம் ஆற்று நீர். மறுபுறம் அந்நீர் மட்டத்தினும் தாழ்ந்து கிடக்கும் நெல்வயல். ஆறு மேட்டின்மேல் ஓடுகின்றது என்பதே பொருள். இதற்குக் காரணம் வண்டல். வெள்ளம் கரைபுரளுங்கால் நீரின் விரைவு சட்டெனக் குறைகின்றது. அப்பொழுது முதலிற் படிவது பருமணல். அது கரையோரத்திலேயே தங்கிவிடும். நுண்ணிய களிமண்ணோ நீரொடு நெடுந்தூரம் சென்று, அமைதியாகத் தேங்கும் பள்ளத்திற் படியும். பல நூறாண்டுகளில் இங்ஙனம் ஆற்றின் இருமருங்கும் தாமே உயர்ந்து மேடாயின. அம்மேட்டின்மேல் மக்கள் மேலும் மண்ணிட்டுக் கரை கட்டினர். ஆதலின் வாய்க்கால்கள் மேட்டுவழியே பிரிந்து செல்கின்றன. வடிகால்கள் இரு மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்திற் செல்கின்றன. ஒன்று நீரைக் கொணர்வது, மற்றொன்று மிகுநீரைக் கொண்டுபோவது.

இதனைப் புத்தகத்திற் படிப்பதினும் வண்டியின் சக்கரத்தால் அறிதல் எளிது. கரைமேல் மணல் கலந்த மண்ணாதலின் சக்கரம் பிடித்து ஓடும். கரையை விட்டிறங்கி வயலோர வழியிற் சிறிது தூரம் சென்றவுடனே களிமண் தொடங்கிவிடும்; கைப்பிடி தளர்ந்து ஆடும்.

எளிய சோதனையொன்று கூறுவேன். தஞ்சையினின்று திருவையாற்றுக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். இச்சிறு தொலைவில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளைக் கடக்கின்றோம். பேருந்தில் அமர்ந்து செல்வார்க்கு இவை ஐந்து பாலங்கள்; அவ்வளவே. மோட்டார் சைக்கிளிற் செல்வோர் சற்றே கருத்தூன்றின், சாலை ஒவ்வோர் ஆற்றை நெருங்கும்போதும் மெல்ல ஏறுவதையும், கடந்தபின் மெல்ல இறங்குவதையும் இயந்திரத்தின் ஒலி மாறுதலாலேயே உணரலாம். யான் ஒருமுறை முன்பின் அறியாத நண்பரொருவரைப் பின்னே அமர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு ஆறுகளை எண்ணச் சொன்னேன். அவர் நான்கு வரை தவறாது எண்ணினார். ஐந்தாவது காவிரிப் பாலத்தில் வாகன நெரிசல் மிக்கிருந்தமையின் இயலவில்லை.

இவ்வாறுகளின் தலையிடமாகிய கல்லணைக்குச் செல்வதே தொடக்கத்தார்க்கு ஏற்ற செலவாகும். தஞ்சை நகரின் ஊடே செல்லும் கல்லணைக் கால்வாயை மக்கள் 'புது ஆறு' என்பர். மேட்டூர் அணையோடு ஒருங்கே திட்டமிட்டு வெட்டப்பெற்றது அது. மேட்டூர் அணை திறக்கப்பெற்ற ஆண்டு 1934. இயற்கையாறுகள் தாமே கட்டிய மேட்டின்மேல் ஓடுவன. புது ஆறோ தெற்கேயுள்ள மேட்டுநிலத்தின் விளிம்பைத் தழுவி, முன்பு மழையை நம்பியிருந்த ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களுக்கு நீர் கொண்டுசெல்வது. இதன் கரைவழியே பூதலூர் கடந்து கல்லணையை அடைந்தால், கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்னும் நான்கும் பிரியும் இடத்தை ஒரே பாலத்தின்மேல் நின்று காணலாம். கரிகாலன் கட்டியதென வழங்கும் பழைய அணை 1,080 அடி நீளமுடையது. அடியில் பாறையில்லை, ஆழம் காணாத மணலின்மேல் கற்களை இட்டு, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கி நிலைபெறச் செய்த அமைப்பு. கேப்டன் கால்டுவெல் 1804ஆம் ஆண்டில் இவ்வணையை ஆராய்ந்து, அதன் முடியை 27 அங்குலம் உயர்த்தச் செய்தார். பின்னர் 1836ஆம் ஆண்டளவில் முக்கொம்பில் மேலணை எழுப்பிய ஆர்தர் காட்டன், மணலில் அடித்தளமிடும் முறையைக் கல்லணையினின்றே கற்றதாக ஒப்புக்கொண்டார். மீளும்போது காவிரிக் கரையோடு திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வருதல் நன்று. குடமுருட்டி பிரியுமிடம் திருக்காட்டுப்பள்ளியே. வழிநெடுகப் படுகையில் வாழையும் மூங்கிலும் நிழல் செய்யும். முற்பகலிற் புறப்பட்டோர் மாலைக்குள் இல்லம் சேரலாம்.

நிற்க. இத்தகைய வழிகளுக்கு ஏற்ற வண்டியின் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். கரடுவழியில் மோட்டார் சைக்கிளைச் சோதித்தல் புதியதன்று. 1913ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஆறு நாள் தொடர்ந்து நடக்கும் உலக ஓட்டச் சோதனை தொடங்கிவிட்டது. நம் நாட்டில் 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி அமைந்து, திருவொற்றியூரில் 'புல்லட்' வண்டிகளைச் செய்யத் தொடங்கிற்று. அவை உறுதியிற் குறைந்தனவல்ல. ஆயினும் சாலைக்கென்றே அமைந்தவை. மண்வழிக்கென்று அக்கம்பெனியார் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹிமாலயன்' என்னும் வண்டியில் அடிப்பகுதி நிலத்தினின்று 220 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். வரப்பையும் வேரையும் தாண்டும்போது இவ்வுயரத்தின் பயன் விளங்கும்.

மண்வழி வண்டிகளைக் கண்ட நண்பர் சிலர், 'முன்சக்கரத்தின் மட்கார்டு ஏன் இவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அழகுக்கோ?' என்று என்னை வினவியதுண்டு. அழகுக்கன்று, களிமண்ணுக்கே. சாலை வண்டியில் மட்கார்டு டயரை ஒட்டி அமைந்திருக்கும். மன்னார்குடிக்குக் கிழக்கே மழை பெய்த மறுநாள் அவ்வண்டியை மண்வழியில் இறக்கினால், டயரில் ஒட்டிய களி மட்கார்டின் அடியிற் சென்று அடையும். அடைந்த களிமேல் மேலும் களி ஏறும். நூறடி செல்வதற்குள் முன்சக்கரம் சுழலாது நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கிக் குச்சி கொண்டு தோண்டியெடுக்க வேண்டியதுதான். மட்கார்டு உயர நிற்பின் களி சிதறி விழ இடமுண்டு. நம் கீழ்த்தஞ்சைக் கரிய களி நீரை உண்டு பருத்து, உலருங்கால் சுருங்கி வெடிக்கும் இயல்பினது. மழையில் வழுக்கும் அதே வழி, சித்திரையில் டயர் இறங்கும் அளவு வெடித்துக் கிடக்கும். வெடிப்பின் குறுக்கே செல்லலாம். அதன் நீளவாட்டில் சென்றால் சக்கரம் சிக்கிக்கொள்ளும்.

களியில் முன் பிரேக்கைத் தொடுதல் கூடாது. காரணம் யாதெனின், வண்டி நேரே நிற்பதும் திரும்புவதும் முன்சக்கரம் உருண்டுகொண்டிருப்பதனால்தான். அது சுழலாது வழுக்கின் மறுகணமே வண்டி விழும். மணலில் வேறொரு முறை. மணல் முன்சக்கரத்தைத் தன்னுள் இழுக்கும். அப்பொழுது அஞ்சி விசையைக் குறைத்தால் பாரம் முன்னே சாய்ந்து சக்கரம் மேலும் புதையும். உடம்பைச் சற்றுப் பின்னே சாய்த்து விசையைக் குறைக்காது செல்லின் முன்சக்கரம் மணலின்மேல் மிதந்து செல்லும். டயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது தட்டையாகிப் பாரத்தை அகலப் பரப்பும். ஒட்டகத்தின் அடி போல. தார்ச்சாலைக்கு மீண்டவுடன் மறவாது மீளக் காற்று நிரப்புதல் வேண்டும். மறந்த ஒருவரை வளைவொன்றில் யானும் நண்பரும் தூக்கி நிறுத்தியுள்ளோம்.

இனி, முன்னர்க் கூறிய பிழையைச் சொல்வேன். யான் இரண்டாம் ஆண்டு மாணவனாயிருந்த காலம், தைத்திங்களின் இறுதி. மூவர் மூன்று வண்டிகளில் மன்னார்குடிப் பக்கம் சென்றோம். சம்பா அறுவடை முடிந்து வயல்களெல்லாம் வெறுந்தாளாய்ப் பரந்து கிடந்தன. வரப்புத் தாழ்ந்த இடமொன்றைக் கண்டு வண்டிகளை உள்ளே இறக்கினோம். ஈரமும் உலர்வும் அளவாயமைந்த மண், மரமில்லை, கல்லில்லை, கண்ணெட்டும் தூரம் வெளி. எட்டு வடிவிற் சுற்றினோம், ஒருவரையொருவர் துரத்தினோம், கால்மணி நேரம் சென்றது தெரியவில்லை. அப்பொழுது வரப்பின்மேல் முதியவர் ஒருவர் தோளில் துண்டோடு நடந்து வந்தார். ஓடி வரவில்லை, கூவவுமில்லை. அருகில் வந்து, 'தம்பி, வண்டிய நிறுத்திட்டுக் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க' என்றார்.

குனிந்து பார்த்தோம். தாள்களுக்கிடையே, விரற்கடை உயரத்தில், இரண்டிரண்டு இலைகளோடு உளுந்துச் செடிகள் முளைத்திருந்தன. வயல் முழுதும் இருந்தன. எங்கள் சக்கரம் சென்ற வழியெல்லாம் அவை சேற்றோடு சேறாய்ப் புதைந்து கிடந்தன.

நெல் தரிசுப் பயறு என்னும் இம்முறையை அறியாதார் பலராதலின் விளக்குவேன். சம்பா, தாளடிப் பயிரை அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னரே, நிற்கும் நெற்பயிரின் ஊடே ஈரமான வயலில் உளுந்தையோ பச்சைப்பயறையோ தெளித்துவிடுவர். அறுவடை நாளுக்குள் விதை முளைத்திருக்கும். பின்னர் அதற்கு உழவில்லை, நீர் பாய்ச்சுவதுமில்லை. களிமண் தன்னுள் வைத்திருக்கும் ஈரமும் இரவிற் பெய்யும் பனியுமே அதனை வளர்க்கும். ஏறத்தாழ எழுபது நாளில், பங்குனியிற் காய் முற்றிவிடும். நெல்லை விற்ற பணம் கடனுக்கும் கூலிக்கும் போக, கையில் நிற்பது பலர்க்கு இவ்வுளுந்துதான். வேர் ஆழச் செல்லுமுன் மண் இறுகுமாயின் அச்செடிக்கு வேறு கதியில்லை. வண்டிச் சக்கரம் செய்வது மண்ணை இறுக்குவதே. அறுவடை இயந்திரம் இறங்குவதாலேயே இப்பயிர் ஓரளவு நசுங்குகின்றது. அதற்கு எஞ்சியதன்மேல்தான் நாங்கள் எட்டு வரைந்தோம்.

'ஐயா, தரிசென்று நினைத்துவிட்டோம்' என்றோம். 'தரிசுதான். நெல்லுக்குத் தரிசு' என்றார் அவர். எங்கள் தடத்தைக் காலால் அளந்து, ஒரு மரக்காலுக்கு மேல் போயிருக்குமென்று கணக்கிட்டார். எங்களிடமிருந்த இருநூறு ரூபாயைக் கொடுத்தோம். வேண்டாமென்று சொல்வார் என எதிர்பார்த்தோம் போலும். அவர் எண்ணிப் பார்த்து வாங்கி மடியிற் செருகிக்கொண்டார். பின்னர் மூவருக்கும் செம்பில் நீர் கொடுத்து, வந்த தடத்திலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியேறுமாறு கூறினார். ஏறி ஓட்டவேண்டாம் என்று இருமுறை சொன்னார்.

அன்று முதல் யான் புறப்படுமுன் பார்ப்பது வரைபடத்தையன்று, நாட்காட்டியையே. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பெற்று ஜனவரி 28ஆம் நாள் மூடப்பெறும். இது எல்லா ஆண்டும் தவறாது நிகழ்வதன்று. 2022ஆம் ஆண்டில் மே 24ஆம் நாளே திறந்தது. 2024ஆம் ஆண்டில் ஜூலை 28ஆம் நாள்தான் திறந்தது. நீர் வந்தபின் குறுவை, சம்பா, தாளடி என வயலில் ஓயாத வேலை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. எனவே, கரைவழிச் செலவுக்கு ஏற்றவை மாசி முதல் வைகாசி வரையுள்ள திங்கள்களே. அப்பொழுது கரை உலர்ந்து இறுகியிருக்கும்.

மழைக்காலத்திற் கரையின்மேல் ஓட்டுதல் ஏன் தகாது? கரை என்பது வெறும் மண். நனைந்த மண்ணில் சக்கரம் பதித்த தடத்தில் மழைநீர் தேங்குகின்றது. தேங்கிய நீர் கீழே இறங்கும். அங்கே நண்டு வளையோ எலி வளையோ இருப்பின் அதனுட் புகும். வளை வழியாக ஒருமுறை நீர் கசியத் தொடங்கினால் அது மண்ணை அரித்துக்கொண்டே தன் வழியை அகலமாக்கும். ஆற்றில் நீர் மிக்க நாளில் அவ்விடமே உடைப்பாகும். ஆறு வயலினும் உயர்ந்து ஓடுகின்றது என்பதை ஈண்டு நினைவு கூர்க. மலைநாட்டில் வெள்ளம் வடிந்து மீண்டும் ஆற்றிற் சேரும். இங்கோ உடைப்பில் வெளியேறிய நீர் ஆற்றுக்குத் திரும்பாது. நாற்றைப் பல நாள் மூழ்கவைத்து அழுகச் செய்யும். 1924ஆம் ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில் திருச்சிராப்பள்ளி, தஞ்சை மாவட்டங்கள் பட்ட பாட்டை முதியோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தனர். ஒரு வண்டியின் தடம் வெள்ளத்தை வரவழைத்துவிடும் என்று யான் கூறவில்லை. ஆனால் விடுமுறைதோறும் பத்து வண்டிகள் ஒரே கரையிற் சென்றால் அங்கு விழும் பள்ளத்தை அடைப்பவர் யார்? மழைநாளிலும் கரையைச் சுற்றிவரும் லஸ்கர்களும், தம் வயல் கீழே கிடக்கும் ஊராருமே. இக்கரைகள் முன்பு பொதுப்பணித்துறையிடமும், 2021ஆம் ஆண்டு முதல் நீர்வளத்துறையிடமும் உள்ளன. தாரிட்டுப் பொதுவழியாய் அமைந்த கரைகளில் தடையில்லை. குறுக்கே கட்டை கட்டிய கரைகளில் புகாதிருத்தலே முறை. இக்கட்டுப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் வடபாகத்துக் காடுகளில் பனி உருகி மண் குழைந்திருக்கும் வேனில் தொடக்கத்தில் மண்வழிகள் பலவற்றை மூடிவிடுவர். மோட்டார் சைக்கிளில் நெடிது பழகிய அந்நாட்டார் அதனைக் குறையாகக் கொள்வதில்லை.

மழைக்காலத்திலும் வண்டியை வெளியே எடுத்தே தீரவேண்டும் என்னும் நண்பர்க்கு வல்லம் உண்டு. தஞ்சைக்குத் தென்மேற்கே மிக அண்மையில் நிலம் சிவந்து, செம்பாறாங்கல் மேடாகின்றது. அங்கு மழைநீர் தேங்குவதில்லை. பெய்த சில மணி நேரத்தில் வழி உலர்ந்துவிடும். மேலும் தெற்கே கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புகள். அவற்றினூடே உள்ள வண்டிப்பாதைகளில், ஊராரைக் கேட்டுச் செல்லின், கல்லும் பள்ளமும் வேண்டிய அளவு கிடைக்கும். உலர்ந்த நாளில் அச்செஞ்சரளை கோலிக்குண்டு போல உருளுமாதலின் வளைவில் விரைவு கூடாது.

வடக்கே கொள்ளிடம். வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஆறாகையால் அது காவிரியினும் மிக அகன்றது. கோடையில் மணற்பரப்பாய்க் கிடப்பது. கும்பகோணத்தினின்று அணைக்கரை சென்று, காட்டன் காலத்துக் கீழணையையும் வீராணத்திற்கு நீர் செல்லும் வழியையும் காணலாம். வண்டியைக் கழுவும் பொருட்டு ஆற்றில் இறங்க எண்ணுவோர், அணைக்கரைப் பகுதியில் முதலைகள் உண்டென்பதை மறவற்க.

தெற்கே கோடிக்கரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரணியம் வழியே செல்லவேண்டும். 1930ஆம் ஆண்டில் இராஜாஜியும் தொண்டரும் உப்பெடுக்க நடந்து சென்ற வழியின் பிற்பகுதி ஏறக்குறைய இதுவே. அவர் ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சியினின்று புறப்பட்டு 28ஆம் நாள் வேதாரணியம் சேர்ந்தனர். நாம் காலையுணவுக்குப் பின் புறப்பட்டு நண்பகலுக்குள் சேர்கின்றோம். வழியில் மாசி மாதத்து இடர் ஒன்றுண்டு. சாலையின் ஒரு பாதியில் நெல்லும் உளுந்தும் காயும். வைக்கோலையும் பரப்பியிருப்பர், அதன்மேல் வண்டி பனிக்கட்டிமேற் செல்வது போல வழுக்கும், சங்கிலியிற் சுற்றிக்கொள்ளும், சூடான புகைக்குழாயிற் பட்டால் பற்றியும் எரியும். விரைவைக் குறைத்து, நெல்லை மிதியாது ஒதுங்கிச் செல்லுங்கள். கோடிக்கரையில் உப்பளமும் சதுப்பும் வெளிமானும் கூட்டங்கூட்டமாய் மட்டக்குதிரைகளும் உள்ளன. 1967ஆம் ஆண்டில் இது காப்பகமாயிற்று. 2002ஆம் ஆண்டில் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிற் சேர்ந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரணியத்தையொட்டிக் கரை கடந்த கஜா புயலின் அழிவு இப்பகுதியில் நெடுநாள் ஆறாதிருந்தது. காப்பகத்தினுள் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லவேண்டும். அவ்வெளியில் வண்டியை இறக்க எண்ணுவதே பிழை. காலால் நடந்தால் மான்கள் நெடுநேரம் நின்று பார்க்கும். இயந்திர ஒலி கேட்டால் நமக்கு எஞ்சுவது புழுதியே.

இவை எல்லாவற்றினும் யான் விரும்பும் செலவு ஆண்டுக்கு ஒருமுறையே வாய்ப்பது. மேட்டூர் திறந்து மூன்று நான்கு நாளில் கல்லணை திறக்கப்பெறும். நெல்லும் மலரும் தூவி நீரை விடுவர். அன்று அங்குக் கூட்டம் மிகுதி. யான் மறுநாளே புறப்படுவேன். உலர்ந்த வெண்ணாற்றின் கரைவழியே கிழக்கு நோக்கிச் சென்று, பாலம் தோறும் இறங்கி, நீர் வந்துவிட்டதா என்று பார்ப்பதே அன்றைய வேலை. நீர் நடப்பவர் விரைவிலேயே வரும். வண்டியோ அதனை எளிதில் முந்திவிடும். ஆகவே காத்திருத்தல் வேண்டும். வெண்ணாறு மூன்றாகப் பிரியும் நீடாமங்கலத்து மூணாறு தலைப்பில் ஓராண்டு பிற்பகல் முழுதும் காத்திருந்தேன். ஊர்ச்சிறுவர் ஆற்று மணலில் பந்தாடிக்கொண்டிருந்தனர். லஸ்கர் கதவுகளுக்கு எண்ணெயிட்டு, 'ராத்திரி ஆயிடும் தம்பி' என்றார். விளக்கு வைக்கும் நேரத்தில் மேற்கே ஓர் ஓசை. தாளில் காற்றுப்படுவது போன்ற மெல்லிய ஓசை. பின்னர் நுரையும் சருகும் குப்பையும் முன்தள்ளிக்கொண்டு, கணுக்கால் அளவே ஆழமுள்ள பழுப்பு நீர் வளைவு திரும்பி வந்தது. சிறுவர் பந்தை எடுத்துக்கொண்டு கரையேறினர். லஸ்கர் கடிகாரத்தைப் பார்த்து, கையிலிருந்த நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டு, பாமணியாற்றுக் கதவை ஏற்றுவதற்குப் போனார்.